மூன்று கதவு அலமாரி, செகண்ட் ஹேண்ட்: கழற்றியது அவர்கள், பூட்டியது நாங்கள்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு கிளம்பிவிடலாம். அலமாரி நல்ல அலமாரிதான். இன்று காலையில்கூட மூன்று கதவுகளையும் திறந்து மூடிப் பார்த்தேன், ஒன்றோடொன்று இடிக்கவில்லை. ஆனால் அந்த நிலைக்கு அதைக் கொண்டுவர இரண்டு சனிக்கிழமை, நடுவில் ஒரு ஞாயிறு, மூன்று இரவு, என் மாமனாரின் முதுகு எல்லாம் செலவாகியிருக்கிறது. நானும் என் கணவரும் ஒரு நாள் பேசிக்கொள்ளாமலும் இருந்தோம். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் அலமாரிக்கு நான்கு, அதைக் கழற்றிக் கொடுத்த அழகுக்கு ஒன்று. அந்த ஒன்றும் பூனைக்காகப் போட்டது.

பூனையைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

உயரம் 201 சென்டிமீட்டர், அகலம் 150, ஆழம் 58. பார்ட்டிகிள் போர்டில் செய்து மேலே வெள்ளை லேமினேட் ஒட்டியது. உள்ளே ஒரே ஒரு தடுப்புப் பலகை. அதற்கு இடதுபக்கம் தட்டுகள், ஒரு கதவு. வலதுபக்கம் துணி மாட்டும் கம்பி, கீழே இரண்டு இழுப்பறை, இரண்டு கதவு. நடுக்கதவில் ஆளுயரக் கண்ணாடி. வீடு மாறிப் போகிறவர்கள் விற்றார்கள். "நாங்களே கழட்டி வெச்சிடறோம், நீங்க வந்து ஏத்திக்கிட்டா போதும்" என்று போனில் சொன்னார் அந்தப் பெண். எனக்கு அது பெரிய உபகாரமாகத் தெரிந்தது. இப்போது யாராவது அப்படிச் சொன்னால், "வேண்டாங்க, நின்னபடியே இருக்கட்டும், நானே வந்து கழட்டிக்கிறேன்" என்றுதான் சொல்வேன். ஏன் என்பதுதான் மீதிக் கதை.

கழற்றியவர்கள் ஒன்றும் பொறுப்பில்லாதவர்கள் இல்லை. ஒவ்வொரு பலகையிலும் காகித டேப் ஒட்டி "மேல்", "இடது", "தடுப்பு", "அடி" என்று பேனாவால் எழுதியிருந்தார்கள். பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. வண்டியில் ஏற்றி, வெயிலில் வந்து, இறக்கிவைத்தபோது பாதி டேப் பலகையில் இல்லை. நான்கு டேப் ஒரே பலகையின்மேல் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பலகை ஒரே நேரத்தில் மேலாகவும் அடியாகவும் இடதாகவும் வலதாகவும் இருந்தது. "தடுப்பு" என்ற டேப்பை மறுநாள் என் செருப்பின் அடியிலிருந்து உரித்தெடுத்தேன்.

பலகைகள் வந்ததும் நான் செய்த முதல் காரியம், ஈரத் துணியால் எல்லாவற்றையும் பளிச்சென்று துடைத்தது. பெருமையோடு செய்தேன். அதுதான் முதல் தப்பு என்பது ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. பழைய சாமானில் அழுக்குதான் வரைபடம். எந்தப் பலகை எதன்மேல் உட்கார்ந்திருந்தது, தட்டு எந்த உயரத்தில் இருந்தது, எந்தப் பக்கம் சுவரைப் பார்த்தது என்று எல்லாமே தூசிக் கோடாகவும் நிறம் மங்கிய பட்டையாகவும் பலகையிலேயே எழுதியிருக்கும். நான் அதைத் துடைத்துச் சுத்தமாக அழித்துவிட்டேன். பூட்டி நிறுத்திய பிறகு துடையுங்கள். அதுவரை கை வைக்காதீர்கள்.

அடுத்தது அந்தப் பை. ஸ்க்ரூ, ஆணி, கீல் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டிருந்தார்கள். அவிழ்த்து ஒரு தட்டில் கொட்டினேன். என் மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். ஓய்வு பெறுகிறவரை லேத்தில் வேலை பார்த்தவர். இன்னமும் மேசை இழுப்பறையில், நுணுக்கமாக அளக்கிற வெர்னியர் காலிப்பர் வைத்திருக்கிறார். நான் தட்டில் இருந்ததை எண்ண ஆரம்பித்தேன்.

"பையில இருக்கறத எண்ணி என்னம்மா பண்ணப் போற? பலகையில இருக்கற குழிய எண்ணு" என்றார்.

சரிதான். பலகையின் உட்புறத்தில் நாணயம் அளவுக்கு வட்டமான குழிகள் இருந்தன. எண்ணினால் 22. அவற்றில் உட்கார வேண்டிய வட்டமான உலோகத் துண்டு, கேம் லாக் என்பது (சில தச்சர்கள் இதை மினிபிக்ஸ் என்பார்கள்), பையில் 16 தான் இருந்தது. ஆறு குறைவு. குறையாக இருந்தது அது மட்டும். கூடுதலாகவும் ஒன்று இருந்தது. விரல் நீளத்துக்கு நான்கு பெரிய போல்ட், ஆலன் கீ என்கிற அறுகோணச் சாவி போடும் தலையோடு, கூடவே நான்கு உருளை நட். அலமாரியில் அவற்றுக்கான ஓட்டை ஒன்றுகூட இல்லை. மாமா அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இதுக்குள்ள எங்கேயும் போகாது. ஆனா தூக்கிப் போட்டுடாதே" என்று சொல்லி, கைப்பிடி உடைந்த ஒரு கோப்பையில் போட்டு ஜன்னல் ஓரத்தில் வைத்தார்.

கேம் லாக் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் என் பாதி வருத்தம் இதில்தான் இருக்கிறது. ஒரு பலகையில் சின்ன போல்ட் ஒன்று தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். அடுத்த பலகையின் ஓரத்திலிருக்கும் துளைக்குள் அதை நுழைத்தால், தலை அந்த வட்டத் துண்டின் வாய்க்குள் போகும். பிறகு திருப்புளியால் வலதுபக்கம் சுமார் அரைச் சுற்று திருப்பினால், உள்ளே இருக்கும் கோணல் வளைவு போல்ட்டின் தலையைப் பிடித்து இழுத்து இரண்டு பலகையையும் இறுக்கும். துண்டின் முகத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி இருக்கும். பூட்டும்போது அது பலகையின் ஓரத்தை, அதாவது போல்ட் வரும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். கழற்றும்போதும் அதை அந்த இடத்துக்கே திருப்பிக் கொண்டுவந்த பிறகுதான் பலகையை உருவ வேண்டும்.

கழற்றியவர் சிலவற்றை அப்படித் திருப்பவில்லை. பாதி திருப்பி, வரவில்லை என்றதும் பிடித்து இழுத்திருக்கிறார். மேல்பலகையின் வலது ஓரத்தில் ஒரு குழியின் முன்பக்கம் எலி கடித்ததுபோல் பிய்ந்து, உள்ளேயிருந்த மரத்தூள் வெளியே தெரிந்தது. பார்ட்டிகிள் போர்டு என்பது மரச் சிராய்களைப் பிசின் கலந்து சூட்டில் அழுத்திய பலகை. இரண்டு முகமும் கெட்டியாக இருக்கும், நடுவயிறு பொலபொலவென்று இருக்கும். கேம் லாக்கின் போல்ட் அந்த நடுவயிற்றின் வழியாகத்தான் போகிறது. இழுத்தால் அங்கேதான் பிய்யும்.

ஆறு கேம் லாக் வாங்க நானே போனேன். "அலமாரிக்குப் போடற ரவுண்டு லாக்" என்று கேட்டேன், கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து குழியில் வைத்தால் தொளதொளவென்று ஆடியது. மாமா காலிப்பரை எடுத்து முதலில் குழியை அளந்தார், பிறகு நான் வாங்கி வந்ததை.

"குழி பதினஞ்சு. நீ வாங்கிட்டு வந்தது பன்னெண்டு."

"ரெண்டு சைஸ் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும் மாமா?"

"தெரியாதுன்னா பழசுல ஒண்ண எடுத்துட்டுப் போயிருக்கணும்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கையில் மாதிரிக்குப் பதினாறு துண்டுகள் இருந்தும் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போகத் தோன்றவில்லை. 15 மில்லிமீட்டர்தான் பரவலாகக் கிடைக்கிற அளவு. மெல்லிய பலகைக்கு 12 வரும். விட்டம் மட்டும் சரியாக இருந்தாலும் போதாது, பலகையின் கனத்துக்கு ஏற்ற ஆழமும் பார்க்க வேண்டும். மறுநாள் ஒரு பழைய துண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போய்ச் சரியானதை வாங்கி வந்தேன். அடுத்த தடவை போல்ட்டையும் சேர்த்து எடுத்துப் போவேன்.

இவை எல்லாவற்றையும் விடச் சின்ன விஷயம் ஒன்று, ஆனால் என் மணிக்கட்டு அறியும். திருப்புளி. எங்கள் வீட்டில் இருந்தது சாதாரண நட்சத்திரத் திருப்புளி, பிலிப்ஸ் என்பார்களே அது. இந்த அலமாரியின் ஸ்க்ரூ தலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கூட்டல் குறிக்கு நடுவில் மூலைக்கு ஒன்றாக மெல்லிய நான்கு கோடுகள் இருந்தன. அது போசிடிரைவ். பெரும்பாலும் இரண்டாம் எண் அளவு, முனையில் பிஇசட் 2 என்று போட்டிருக்கும். பிலிப்ஸ் திருப்புளி அதில் உட்காருவதுபோல் உட்கார்ந்து, அழுத்தினதும் நழுவி, தலையை மொழுக்கையாக்கிவிடும். எங்களுக்கு முன்பே யாரோ பவர் டிரில்லில் தப்பான முனையைப் போட்டு மூன்று தலைகளை மொழுக்கையாக்கி வைத்திருந்தார்கள். சரியான திருப்புளி கையில் வந்ததும் மீதி வேலை பாதியாகிவிட்டது. ஞாயிறு முழுக்க அது இல்லாமல் முக்கினேன் என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

அப்புறம் மரை. இழுப்பறையின் சேனலைத் தாங்கும் ஸ்க்ரூக்கள், கீலைத் தாங்கும் ஸ்க்ரூக்கள் இவற்றில் ஏழோ எட்டோ துளைகளில் ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருந்தது, இறுகவே இல்லை. மரை கழன்ற கேஸ் என்று ஆட்களைத்தான் சொல்வோம். பலகைக்கும் அது பொருந்தும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எவ்வளவு திருகினாலும் ஒரு பதிலும் வராது. இந்தப் பலகையில் ஸ்க்ரூ முதல் தடவை போகும்போது தனக்கென்று ஒரு மரையை வெட்டிக்கொள்கிறது. கழற்றி மறுபடி போடும்போது அதே வழியில் போனால் பிடிக்கும். புது வழியில் போனால் பழைய மரையையும் அறுத்துக்கொண்டு போகும், இரண்டும் கெட்டுவிடும். இதற்கு மாமா ஒரு வித்தை காட்டினார். ஸ்க்ரூவைத் துளையில் வைத்து, முதலில் இடதுபக்கமாக, அதாவது கழற்றும் திசையில், மெதுவாகத் திருப்ப வேண்டும். ஓர் இடத்தில் "டக்" என்று லேசாக உள்ளே விழும். கையில்தான் தெரியும், காதில் சில சமயம் கேட்கும். அங்கேதான் பழைய மரையின் வாய். அங்கிருந்து வலதுபக்கம் திருப்பினால் எண்ணெய் போட்டதுபோல் போகிறது. முதல் தடவை அந்த "டக்" கையில் பட்டபோது, இந்த வாரம் முழுவதிலும் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் இதுதானோ என்று தோன்றியது.

ஏற்கனவே கெட்டுப்போன துளைகளுக்கு அந்த வித்தை உதவாது. அவற்றில் வெள்ளை மரப்பசையை விட்டு, மருந்து முனையைக் கிள்ளி எறிந்த மரத் தீக்குச்சிகளைச் செருகி, மேலே நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டி, ஒரு முழு நாள் காயவிட்டோம். மேல்பலகையில் எலி கடித்த இடத்துக்கும் அதே பசைதான். பிய்ந்த சிராயைத் திரும்ப வைத்து, மெழுகுத் தாள் போர்த்தி, கனமான புத்தகங்களை மேலே அடுக்கினோம். திங்கள் இரவு அதற்கே போயிற்று. செவ்வாய் இரவு மரமுளைகள். 8 மில்லிமீட்டர் கனமுள்ள சின்ன உருளைக் குச்சிகள், பலகைகளை நேர்கோட்டில் நிறுத்துவதற்காக இருப்பவை. அவற்றில் ஐந்து உடைந்து, பாதி துளைக்குள்ளேயே மாட்டியிருந்தது. அதன் நடுவில் ஒரு மெல்லிய ஸ்க்ரூவை நான்கு சுற்று இறக்கி, குறடால் ஸ்க்ரூவைப் பிடித்து இழுத்தால் பல் பிடுங்கியதுபோல் வந்துவிடுகிறது. ஒன்று மட்டும் வரவில்லை. அதைத் துளைபோட்டுத்தான் எடுத்தோம்.

கழற்றிப் பூட்டுவது என்பதே மோசமான யோசனை என்று நான் சொல்லவில்லை. 1859-இல் வியன்னாவின் தோனெட் நிறுவனம் 14 என்று எண்ணிட்டு ஒரு நாற்காலி செய்தது. நீராவியில் வளைத்த மரத் துண்டு ஆறு, ஸ்க்ரூ பத்து, நட் இரண்டு, அவ்வளவுதான் மொத்த நாற்காலியும். கழற்றிய நிலையில் ஒரு கனமீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகளை அடுக்கிக் கப்பலில் அனுப்பினார்கள். ஆனால் அது கெட்டியான பீச் மரம், நம்முடையது பிசின் போட்ட தூள். ஒரே தடவை பூட்டி, அதே சுவரோரம் கடைசிவரை நிற்பதற்கென்று யோசித்துச் செய்த சாமானை நாம் இரண்டாவது தடவை பூட்டுகிறோம் என்பது தெரிந்துதான் இறங்க வேண்டும். மூன்றாவது தடவை இந்த அலமாரி தாங்காது. நாங்கள் வீடு மாறினால் இதை இப்படியே விட்டுவிட்டுத்தான் போவோம் என்று மாமா இப்போதே சொல்லிவிட்டார்.

இப்போது பூனை.

செய்முறைத் தாள் வரவில்லை. அடிப்பலகைக்குக் கீழே மாடல் எண் ஒட்டிய சீட்டு பாதி கிழிந்திருந்தது. மிச்ச எண்ணை வைத்து இணையத்தில் தேடி எடுத்த தாளில் இருந்த அலமாரி எங்களுடையதற்குத் தம்பி போல இருந்தது. சாயல் இருந்ததே ஒழிய ஓட்டைகள் ஒத்துப்போகவில்லை. ஆக, விற்றவர் விளம்பரத்துக்காக எடுத்த ஒரே ஒரு படம்தான் எங்களுக்கு வேதம். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். கம்பி எங்கே, தட்டு எத்தனை, கண்ணாடி எந்தக் கதவில், எல்லாம் அதில் இருந்தது. இடது கீழ் மூலையில் மட்டும் ஒரு சாம்பல் நிறப் பூனை உட்கார்ந்திருந்தது. சாதாரணமாக இல்லை, நன்றாகப் பரப்பிக்கொண்டு.

அந்த மூலைதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. கீழே முன்பக்கம் தரையைத் தொட்டபடி வரும் அடித்தடுப்பு, பக்கப் பலகையின் விளிம்போடு சமமாக நிற்குமா, கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்குமா? பக்கப் பலகையில் இரண்டுக்கும் துளை இருந்தது. இப்படிப்பட்ட பலகைகளில் 32 மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாகத் துளை போடுவது வழக்கம், ஒரே பலகை பல மாடலுக்கு உதவட்டும் என்று. தொழிற்சாலைக்கு அது வசதி. தரையில் உட்கார்ந்து துளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு எல்லாத் துளையும் "என்னில் போடு" என்று கூப்பிடுவதுபோல் இருக்கும். விற்றவரிடமே கேட்கலாம் என்று செய்தி அனுப்பினேன், வேறு படம் இருக்கிறதா என்று. வீடு மாறிய களேபரத்திலும் தேடி எடுத்து அனுப்பினார். அதே பூனை, அதே மூலை, இந்தத் தடவை தூக்கத்தில்.

கடைசியில் காப்பாற்றியது நான் துடைக்காமல் விட்ட ஓர் இடம். பக்கப் பலகையின் உட்புறத்தில், தரையிலிருந்து இரண்டு விரல் உயரம்வரை, பலகை லேசாக ஊதியிருந்தது. வருடக்கணக்காகத் தரை துடைத்த தண்ணீர் பட்டுப்பட்டு ஊறியது. இந்தப் பலகை ஒரு தடவை ஊதினால் காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. அந்த ஊதல் முன்விளிம்பிலிருந்து கொஞ்ச தூரம் வந்து ஒரு நேர்கோட்டில் நின்றுவிட்டது. அந்தக் கோட்டில்தான் அடித்தடுப்பு நின்றிருக்கிறது. அதற்குப் பின்னால் தண்ணீர் போகவில்லை. ஆக, உள்ளே தள்ளித்தான். மாமா கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "பூனை சொல்லலைன்னா என்ன, தண்ணி சொல்லிடுச்சு" என்றார்.

வெள்ளிக்கிழமை இரவு சட்டத்தை முகம் கீழாகத் தரையில் படுக்கவைத்துப் பூட்டினோம். பசை காய்ந்த துளைகள் எல்லாம் பிடித்தன. பின்பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் கனத்தில் அட்டை மாதிரி பலகை, மூன்று துண்டாக. நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். திரும்பி வருவதற்குள் என் கணவர் சுத்தியலை எடுத்து மூன்று துண்டுக்கும் ஆணி அடித்து முடித்திருந்தார். நாற்பது ஆணியாவது இருக்கும். முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

"டேப் வெச்சு அளந்தீங்களா?"

"எதை?"

மூலைவிட்டத்தை. பார்ப்பதற்கு அட்டைதானே என்று தோன்றும், ஆனால் பின்பலகைதான் மொத்த அலமாரியையும் நேராகப் பிடித்து வைக்கிறது. அது இல்லாவிட்டால் சட்டம் தீப்பெட்டியின் மேலுறை போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். சாய்ந்த நிலையில் ஆணி அடித்தால் அந்தச் சாய்வு அப்படியே நிரந்தரம். அதனால் அடிப்பதற்கு முன் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அளந்து, அடுத்த ஜோடியையும் அளந்து, இரண்டும் ஒன்றாக வரும்வரை சட்டத்தைத் தள்ள வேண்டும். எங்கள் அளவுக்கு இரண்டும் 250.8 வர வேண்டும். ஒன்று 251.6 வந்தது, மற்றொன்று சரியாக 250. நாற்பது ஆணியையும் பிடுங்க வேண்டும் என்றேன். எட்டு மில்லிமீட்டர் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்றார். கதவு மாட்டும்போது தெரியும் என்றேன். அதற்குப் பிறகு பேசிக்கொண்டதை எழுத வேண்டாம். சனிக்கிழமை காலையில் நாற்பது ஆணியையும் அவரே பிடுங்கினார், என்னைப் பார்க்காமல். அதே துளையில் மறுபடி ஆணி நிற்காது என்பதால் ஒவ்வொன்றையும் ஒரு விரற்கடை தள்ளி அடித்தார். அதையும் நான் சொல்லவில்லை, மாமாதான் சொன்னார்.

அன்றைக்கு எல்லாப் பேச்சும் மாமா வழியாகத்தான். நிமிர்த்தும் நேரம் வந்தது. 201 உயரமுள்ள அலமாரியைப் படுக்கையிலிருந்து நிமிர்த்தும்போது அது 201-ஓடு நிற்காது. ஆழம் 58 இருப்பதால், பாதி வழியில் மூலை 209 வரை எழும்பிப் பிறகுதான் இறங்கும். கூரையை நான் முன்பே அளந்துவிட்டேன், பிரச்சினை இல்லை. கூரையிலிருந்து தொங்கும் விளக்கை அளக்கவில்லை.

"மாமா, அவரை அந்தப் பக்கம் பிடிக்கச் சொல்லுங்க."

"அப்பா, விளக்கு இடிக்குதுன்னு அவகிட்ட சொல்லுங்க."

"ரெண்டு பேரும் இங்கதானடா இருக்கீங்க" என்று சொல்லிக்கொண்டே மாமா ஸ்டூலில் ஏறி விளக்கைக் கையால் ஒதுக்கிப் பிடித்தார். அலமாரி நின்றது. கீழே குனிந்து, பொய்க் கோபத்தோடு ஸ்டூலைப் பிடிக்கச் சொன்னார். இருவரும் ஒரே ஸ்டூலின் இரண்டு பக்கத்தையும் பிடித்தோம். அத்தோடு அது முடிந்தது. அவருடைய முதுகுவலி மட்டும் செவ்வாய்வரை இருந்தது.

கதவுகள். ஒரு கதவுக்கு நான்கு கீல், மொத்தம் 12. கதவில் 35 மில்லிமீட்டர் வட்டக் குழியில் உட்காருகிற வகை. எல்லாம் ஒன்று என்று நினைத்துக் கைக்கு வந்ததை மாட்டினேன். நடுக்கதவும் இடதுகதவும் முட்டிக்கொண்டன. பிறகு கீல்களைத் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தால் எட்டு கீலின் கை நேராக இருந்தது, நான்கின் கை கொஞ்சம் வளைந்திருந்தது. நேர்க்கை, ஓரப் பலகையை முழுதாக மூடும் கதவுக்கு. வளைகை, இரண்டு கதவுகள் ஒரே பலகையைப் பாதிப் பாதியாகப் பங்குபோடும் இடத்துக்கு. எங்கள் நடுக்கதவு தடுப்புப் பலகையில் தொங்குகிறது, அதனால் அந்த நான்கும் அதற்கு. கழற்றும்போது கீலைக் கதவிலேயே விட்டிருந்தால் இந்த ஒன்றரை மணி நேரம் மிச்சம். மாட்டிய பிறகு கீலில் இருக்கும் ஸ்க்ரூக்களைத் திருப்பிக் கதவைப் பக்கவாட்டிலும், முன்னும் பின்னும், மேலும் கீழும் நகர்த்தலாம். பொறுமை இருந்தால் இடைவெளி ஒரே கோடாக வந்துவிடும். அன்று எனக்குப் பொறுமை இல்லை. இவர்தான் உட்கார்ந்து செய்தார். நன்றாகவே செய்தார், சொல்ல வேண்டும்.

இழுப்பறைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்று சுலபமாக ஓடுகிறது, மற்றது ஓடுவதாகப் பாவனை செய்கிறது.

சுவரோடு சேர்த்துப் பிடிக்கும் எல் வடிவப் பட்டை எங்களுக்கு வரவில்லை. விற்றவர்களின் பழைய வீட்டுச் சுவரில் இன்னும் மாட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். பலர் இதை வேண்டாத சாமான் என்று விட்டுவிடுகிறார்கள். கண்ணாடிக் கதவைத் திறந்து, இரண்டு இழுப்பறையையும் இழுத்து வைத்துப் பாருங்கள், எடை முழுக்க முன்னால் வந்துவிடும். ஒரு குழந்தை அதில் கால் வைத்து ஏறினால் போதும். அமெரிக்காவில் துணி வைக்கும் மரச் சாமான்களுக்குக் கவிழாமல் நிற்கும் சோதனை கட்டாயமானது 2023 செப்டம்பரில்தான், அதுவும் அதற்குப் பிறகு தயாரானவற்றுக்குத்தான். நாம் வாங்குகிற பழைய அலமாரிக்குச் சுவர்தான் சட்டம். புதிதாக இரண்டு பட்டை வாங்கி, மேல்மூலை இரண்டிலும் பிடித்துவிட்டோம். கோப்பையில் இருக்கும் அந்த நீள போல்ட்டையே சுவருக்குப் போட்டுவிடலாமே என்று இவர் கேட்டார். மாமா பதிலே சொல்லவில்லை.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். புதிதுக்குக் கொடுப்பதில் பாதிகூட ஆகவில்லை, பலகை இன்னும் பல வருஷம் நிற்கும். ஆனால் நின்றபடி இருக்கும்போதே போய்ப் பாருங்கள். கீழ் ஓரம் ஊதியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உள்ளே, வெளியே, பின்னால், மூலைகளில் படம் எடுங்கள். பூனை இருந்தால் தூக்கி இன்னொரு அறையில் விட்டுவிட்டு எடுங்கள்.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் விற்றவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "அக்கா, தொந்தரவுக்கு மன்னிச்சிக்கோங்க. எங்க கட்டிலோட பெரிய போல்ட் நாலு உங்க பையில வந்திருக்கா? ரெண்டு வாரமா மெத்தையத் தரையில போட்டுத்தான் படுக்கறோம். எங்க பையில உங்க அலமாரியோடது மாதிரி ரவுண்டா ஆறு இருக்கு." சத்தமாக வாசித்தேன். மாமா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய், ஜன்னல் ஓரத்திலிருந்து கைப்பிடி உடைந்த அந்தக் கோப்பையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.